கொழுப்புப் பரிசோதனை அறிக்கையைப் படிக்கும் முறை: தோட்டப்புற மக்களுக்கு ஒரு வழிகாட்டி

மலேசியாவின் சுங்கை சிப்புட் போன்ற ஒரு தோட்டப்பட்டணத்தில் அரசாங்கக் கிளினிக்கிலிருந்தோ தனியார் ஆய்வுக்கூடத்திலிருந்தோ இரத்தப் பரிசோதனை அறிக்கையை வாங்கி வருபவர்களில் பெரும்பாலோர் முதல் வரியை மட்டுமே பார்க்கிறார்கள். மொத்தக் கொலஸ்ட்ரால் 5.2 மில்லிமோலுக்குக் கீழே இருந்தால் கவலை தீர்ந்தது என்று தாளை மடித்து வைத்துவிடுகிறார்கள். மேலே இருந்தால் அன்றே முட்டையையும் ஆட்டிறைச்சியையும் விலக்கிவிடுகிறார்கள். இவ்விரண்டு முடிவுகளும் பிழையாக அமையக்கூடும். ஏனெனில் அந்தத் தாளில் உள்ள எண்களிலேயே மிகக் குறைவான செய்தியைச் சொல்வது அந்த முதல் எண்தான். நம் இந்திய வம்சாவளியினரின் உடலமைப்புக்கு அதற்குக் கீழே இருக்கும் வரிகளும், ஒரு சிறிய கழித்தல் கணக்கும் கூடுதலாக உண்மை பேசுகின்றன.

இதை வற்புறுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2019ஆம் ஆண்டின் தேசிய சுகாதார ஆய்வில், மலேசியப் பெரியவர்களில் 38.1 விழுக்காட்டினருக்குக் கொலஸ்ட்ரால் கூடியிருப்பது தெரியவந்தது. அதே ஆய்வில் இந்தியர்களிடையே நீரிழிவின் அளவு 31.4 விழுக்காடாக இருந்தது. மற்ற பெரிய இனத்தவரைவிட இது அதிகம். நாம் இனிப்பு நீர் என்று சொல்லும் அந்த நோயும் இரத்தக் கொழுப்பும் ஒன்றோடொன்று பின்னிக் கிடப்பவை. ஒன்றை விட்டுவிட்டு மற்றதைப் படிக்க முடியாது.

சாப்பிட்ட கொழுப்பு இரத்தத்தில் செல்லும் வழி

நாம் உண்ணும் எண்ணெயும் நெய்யும் தேங்காய்ப்பாலும் பெரும்பாலும் டிரைகிளிசரைடு என்னும் கொழுப்பால் ஆனவை. எண்ணெய் நீரில் கரையாது. இரத்தமோ பெரும்பகுதி நீர். ஆகவே குடல் அந்தக் கொழுப்பைப் புரதம் போர்த்திய சிறு உருண்டைகளாகக் கட்டி, நிணநீர்க் குழாய் வழியாக இரத்தத்திற்குள் அனுப்புகிறது. இவ்வுருண்டைகளுக்குக் கைலோமைக்ரான் என்று பெயர். உணவு உண்ட மூன்று முதல் ஐந்து மணி நேரத்தில் இவை இரத்தத்தில் உச்சத்தை எட்டும். தசையிலும் கொழுப்புத் திசுவிலும் உள்ள நுண்குழாய்களின் சுவரில் ஒட்டியிருக்கும் லைப்போபுரோட்டீன் லைபேஸ் என்னும் நொதி அவற்றை உடைத்துக் கொழுப்பை எடுத்துக்கொள்ள, எஞ்சிய பகுதியைக் கல்லீரல் உள்வாங்குகிறது. உடல் நலமாக இருந்தால் பத்துப் பன்னிரண்டு மணி நேரத்தில் இரத்தம் தெளிந்துவிடும். அந்த நொதி சரிவர வேலை செய்ய இன்சுலின் தேவை என்பதால், நீரிழிவு கட்டுக்குள் இல்லாதவரின் இரத்தம் தெளிவதற்கு நெடுநேரம் ஆகிறது.

கல்லீரலும் தன் பங்குக்குக் கொழுப்பைக் கட்டி வி.எல்.டி.எல். என்ற உருண்டைகளாக அனுப்பிக்கொண்டிருக்கிறது. நாம் எண்ணெயே தொடாவிட்டாலும், தேவைக்கு மேல் சோறும் சீனியும் மதுவும் உள்ளே போனால் கல்லீரல் அவற்றைக் கொழுப்பாக மாற்றி வெளியே தள்ளும். இந்த உருண்டைகள் தம் சுமையை இறக்கி இறக்கிச் சுருங்கி, இறுதியில் கொலஸ்ட்ரால் நிறைந்த எல்.டி.எல். ஆகின்றன. எல்.டி.எல். துகளைக் கல்லீரலின் ஏற்பிகள் பிடித்து உள்ளிழுத்துக்கொள்ள வேண்டும். இந்த ஏற்பிகளைக் கண்டறிந்து விளக்கிய மைக்கேல் பிரவுன், ஜோசப் கோல்ட்ஸ்டீன் ஆகிய இருவருக்கும் 1985ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஏற்பிகள் குறைந்தால் எல்.டி.எல். இரத்தத்திலேயே சுற்றிக்கொண்டிருந்து, தமனிச் சுவருக்குள் புகுந்து படியத் தொடங்கும். எச்.டி.எல். என்பது திசுக்களில் மிகுந்த கொலஸ்ட்ராலைக் கல்லீரலுக்குத் திருப்பி எடுத்துச் செல்லும் துகள். ஆகவே இதை நல்லது என்றும், தமனியில் படியும் எல்.டி.எல். போன்றவற்றைக் கெட்டவை என்றும் சொல்வார்கள்.

இந்த ஓட்டத்தை மனத்தில் வைத்துக்கொண்டால் அறிக்கையின் ஒவ்வொரு வரியும் எந்தக் கட்டத்தைக் காட்டுகிறது என்பது விளங்கிவிடும். டிரைகிளிசரைடு என்பது கைலோமைக்ரானும் வி.எல்.டி.எல்-லும் சுமந்து செல்லும் கொழுப்பு. மொத்தக் கொலஸ்ட்ரால் என்பது நல்லதும் கெட்டதுமாக எல்லாத் துகள்களிலும் உள்ள கொலஸ்ட்ராலின் கூட்டுத்தொகை. அந்தக் கூட்டுத்தொகை எதனால் ஆனது என்று கேட்காமல் அதை வைத்து ஒரு முடிவுக்கு வர இயலாது.

இரத்தம் கொடுக்கப் போவதற்கு முன்

குறைந்த வருமானம் உள்ளவர்களுக்கான பெக்கா பி40 என்னும் அரசாங்கச் சுகாதாரத் திட்டம் 2019இல் தொடங்கப்பட்டது. அதன்கீழ் தகுதியுள்ளவர்கள் 40 வயது முதல் அரசாங்கக் கிளினிக்கிலோ திட்டத்தில் பதிந்துள்ள தனியார் கிளினிக்கிலோ இலவசமாக உடற்பரிசோதனை செய்துகொள்ளலாம். தொழிலாளர்களின் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவில் சந்தா செலுத்தும் 40 வயதைக் கடந்த தொழிலாளர்களுக்கும் அந்நிறுவனத்தின் பரிசோதனைத் திட்டம் உண்டு. தோட்டத்தில் வேலை செய்து சொக்சோவுக்குப் பிடித்தம் கட்டிவரும் பலர் இதைப் பயன்படுத்தாமலே விட்டுவிடுவது வருத்தத்துக்குரியது. கோயில் மண்டபங்களிலும் பொது மண்டபங்களிலும் நடைபெறும் மருத்துவ முகாம்களில் விரல் நுனியில் குத்திப் பார்க்கும் சோதனை பல வேளைகளில் மொத்தக் கொலஸ்ட்ராலை மட்டுமே காட்டும். அதை ஓர் அறிமுகமாக வைத்துக்கொண்டு, முழுக் கொழுப்பு விவரத்தையும் நரம்பிலிருந்து எடுக்கும் இரத்தத்தில் பார்க்கும்படி கேட்க வேண்டும்.

வெறும் வயிற்றோடுதான் போக வேண்டுமா என்பது பலரின் கேள்வி. ஐரோப்பிய வல்லுநர்கள் 2016இல் வெளியிட்ட கூட்டறிக்கை, வழக்கமான பரிசோதனைக்குப் பட்டினி கட்டாயமில்லை என்று கூறியது. சாதாரண உணவுக்குப் பின் டிரைகிளிசரைடு சராசரியாக 0.3 மில்லிமோல் அளவே உயர்கிறது, எல்.டி.எல். அதைவிடச் சிறிய அளவில் குறைந்து தெரியும். ஆயினும் டிரைகிளிசரைடு முன்பே கூடியிருப்பவர்களும், சர்க்கரை அளவையும் அதே இரத்தத்தில் பார்க்க வேண்டியவர்களும் பட்டினியோடு கொடுப்பதே தெளிவான விடையைத் தரும். முதல்நாள் இரவு ஒன்பது மணிக்குள் வழக்கமான உணவை முடித்துக்கொண்டு, மறுநாள் காலை எட்டு மணியளவில் இரத்தம் கொடுத்தால் பதினொரு மணி நேர இடைவெளி கிடைக்கும். இடையில் தண்ணீர் தாராளமாகக் குடிக்கலாம். தேநீரும் காப்பியும் வேண்டா. இரண்டு மூன்று நாட்களுக்கு முன்பிருந்தே கள், சம்சு, பீர் எதுவும் கூடாது.

பால்மரம் வெட்டுபவர்களும் செம்பனைக் குலை அறுப்பவர்களும் விடியலிலேயே வேலைக்கு இறங்குகிறவர்கள். அவர்கள் பட்டினியோடு காலை வேலையை முடித்துவிட்டுப் பத்து மணிக்குமேல் கிளினிக்குக்குப் போவது ஆபத்தானது. இன்சுலின் போட்டுக்கொள்பவருக்கோ, சர்க்கரையைக் குறைக்கும் சில மாத்திரைகளை உண்பவருக்கோ அந்த வெயிலில் சர்க்கரை திடீரென்று இறங்கி மயக்கம் வரலாம். ஓய்வு நாளில் போக வேண்டும், அல்லது பட்டினி இல்லாமல் கொடுத்துவிட்டு அதைத் தாளில் குறிக்கச் சொல்ல வேண்டும். காலை மருந்தை எப்போது எடுப்பது என்பதை முந்திய சந்திப்பிலேயே மருத்துவரிடம் கேட்டுவிடுவது நல்லது.

பரிசோதனைக்கு ஏற்ற நாள் எது என்பதையும் கவனிக்க வேண்டும். டிங்கி காய்ச்சலோ வேறு கடுமையான தொற்றோ வந்தால் கொலஸ்ட்ரால் தற்காலிகமாகக் குறைந்து, டிரைகிளிசரைடு உயர்ந்து காட்டும். மாரடைப்புக்குப் பின் முதல் நாள் கடந்துவிட்டாலும் இதே நிலைதான். உடல் தேறிச் சில வாரங்கள் ஆன பிறகு பார்த்தால்தான் உண்மை தெரியும். கர்ப்பக் காலத்தில் இயல்பாகவே எல்லாக் கொழுப்புகளும் உயரும். தீபாவளிக்கு மறுவாரம் எடுத்த இரத்தம் தீபாவளியின் கதையைச் சொல்லும். அதுபோலவே, தைப்பூசத்துக்காக 48 நாள் சைவ விரதம் இருப்பவர்கள் விரதத்தின் கடைசி வாரத்தில் எடுக்கும் அறிக்கையை ஆண்டு முழுவதற்குமான தம் நிலை என்று நம்பிவிடக் கூடாது. விரதத்துக்கு முன் ஒன்றும் விரத முடிவில் ஒன்றுமாக எடுத்து ஒப்பிட்டால், உணவை மாற்றுவதால் மட்டும் தம் உடலில் எவ்வளவு மாற்றம் வருகிறது என்பதை அவர்கள் நேரடியாகக் கண்டுகொள்ளலாம். இதைவிடச் சிறந்த சோதனையை நான் அறியேன்.

இரத்தம் எடுப்பதற்கு முன் பத்து நிமிடமாவது அமைதியாக உட்கார்ந்திருக்க வேண்டும். கையில் பட்டையை நெடுநேரம் இறுக்கிக் கட்டியிருந்தால் எண்கள் சற்றுக் கூடித் தெரியும்.

கழித்தல் கணக்கு

மலேசியாவில் அளவுகள் ஒரு லிட்டருக்கு இத்தனை மில்லிமோல் என்று தரப்படுகின்றன. தமிழ்நாட்டு உறவினர்களின் அறிக்கையில் இருப்பது மில்லிகிராம் கணக்கு. அதை நம் கணக்குக்கு மாற்றக் கொலஸ்ட்ராலை 38.7ஆலும் டிரைகிளிசரைடை 88.6ஆலும் வகுக்க வேண்டும். இரண்டுக்கும் ஒரே வகு எண்ணைப் பயன்படுத்துவது பரவலான பிழை.

இனி ஒருவரின் அறிக்கையை எடுத்துக்கொள்வோம். 48 வயது ஆண்; மொத்தக் கொலஸ்ட்ரால் 5.0, எச்.டி.எல். 0.8, டிரைகிளிசரைடு 3.2, எல்.டி.எல். 2.7. முதல் வரி 5.2க்குக் கீழே, எல்.டி.எல்-லும் கண்ணை உறுத்தவில்லை. ஆனால் மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்.டி.எல்-ஐக் கழித்துப் பாருங்கள்: 5.0இலிருந்து 0.8 போனால் 4.2. தமனியில் படியக்கூடிய எல்லாத் துகள்களிலும் உள்ள கொலஸ்ட்ராலின் தொகை இது. இதை நான்-எச்.டி.எல். என்பார்கள். அடுத்ததாக 55 வயதுப் பெண் ஒருவர். மொத்தக் கொலஸ்ட்ரால் 5.6, எச்.டி.எல். 2.1, டிரைகிளிசரைடு 0.8. முதல் வரியைப் பார்த்தால் இவருக்குத்தான் கொழுப்பு அதிகம். கழித்தால் வருவது 3.5 மட்டுமே. மற்ற நிலைமைகள் சமமாக இருந்தால், இவ்விருவரில் முதலில் கவலைப்பட வேண்டியவர் அந்த ஆண்தான்.

எல்.டி.எல்-ஐப் பல ஆய்வுக்கூடங்கள் நேரடியாக அளப்பதில்லை. 1972இல் ஃபிரீடுவால்ட் முதலானோர் வகுத்த சூத்திரப்படி, மொத்தக் கொலஸ்ட்ராலிலிருந்து எச்.டி.எல்-ஐயும், டிரைகிளிசரைடை 2.2ஆல் வகுத்த எண்ணையும் கழித்துத்தான் அதைக் கணக்கிடுகிறார்கள். டிரைகிளிசரைடு 4.5ஐத் தாண்டினால் இந்தக் கணக்கு செல்லாது, அப்போது எல்.டி.எல். வரியில் எண்ணுக்குப் பதிலாகக் கணக்கிட இயலவில்லை என்ற குறிப்பு இருக்கும். அதைக் கண்டு எல்.டி.எல். இல்லை என்று மகிழ வேண்டா. நான்-எச்.டி.எல்-ஐ அப்போதும் நீங்களே கணக்கிட்டுக்கொள்ளலாம்.

துகள்களின் எண்ணிக்கையும் முக்கியமானது. செம்பனைக் குலை ஏற்றி ஆலைக்குச் செல்லும் லோரிகளை நினைத்துப் பாருங்கள்: ஒரே எடையுள்ள குலையைப் பத்து பெரிய லோரிகளும் ஏற்றலாம், முப்பது சிறிய லோரிகளும் ஏற்றலாம், சாலையோரத்தில் மோதும் வாய்ப்பு முப்பது ஓடும்போதுதான் அதிகம். டிரைகிளிசரைடு கூடி எச்.டி.எல். குறைந்தவர்களின் எல்.டி.எல். துகள்கள் சிறியனவாகவும் எண்ணிக்கையில் மிகுந்தும் இருப்பது வழக்கம். தெற்காசிய வம்சாவளியினரிடம், அதிலும் வயிற்றுப் பகுதி பெருத்தவர்களிடம், இந்த அமைப்பு அடிக்கடி காணப்படுகிறது. இடுப்புச் சுற்றளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டரையும் பெண்ணுக்கு 80 சென்டிமீட்டரையும் தாண்டினால் இதை எதிர்பார்க்கலாம். ஒவ்வொரு கெட்ட துகளிலும் அபோ பி என்ற புரதம் ஒன்றே ஒன்றுதான் இருக்கும் என்பதால், அதை அளந்தால் எண்ணிக்கை நேரடியாகத் தெரிந்துவிடும். இதற்கு ஈப்போ போன்ற பெரிய ஊரின் ஆய்வுக்கூடத்தை நாட வேண்டியிருக்கலாம். அது கிடைக்காதவருக்கு நான்-எச்.டி.எல். போதுமான மாற்று.

எந்த எண் சரியான எண் என்பது ஆளைப் பொறுத்தது. டிரைகிளிசரைடு 1.7க்குக் கீழும், எச்.டி.எல். ஆணுக்கு 1.0க்கு மேலும் பெண்ணுக்கு 1.2க்கு மேலும் இருப்பது நலம். எல்.டி.எல். மட்டும் ஒரே எல்லையைக் கொண்டதன்று: வேறு ஆபத்து எதுவும் இல்லாதவருக்கு 3.0க்குக் கீழ் போதும். மாரடைப்போ பக்கவாதமோ வந்தவருக்கு 1.8க்கும் கீழே, புதிய வழிகாட்டிகளின்படி 1.4க்கும் கீழே கொண்டுவர மருத்துவர் முயல்வார். நான்-எச்.டி.எல். இலக்கு, எல்.டி.எல். இலக்கோடு 0.8ஐக் கூட்டினால் வருவது. ஆகவே பக்கத்து வீட்டுக்காரரின் தாளில் இயல்பு என்று அச்சிட்ட எண், நீரிழிவும் இரத்தக் கொதிப்பும் உள்ள உங்களுக்கு இயல்பாக இருக்க வேண்டும் என்பதில்லை. எச்.டி.எல். உயர்ந்திருப்பதை மட்டும் நம்பி உயர்ந்த எல்.டி.எல்-ஐ விட்டுவிடவும் கூடாது, எச்.டி.எல்-ஐ மருந்தால் உயர்த்தியதனால் மட்டும் மாரடைப்பு குறைந்ததாக ஆய்வுகளில் தெரியவில்லை.

எந்த எண்ணுக்கு எந்த உணவு

டிரைகிளிசரைடு கூடியவர்கள் முதலில் எண்ணெயைக் குறைக்கிறார்கள். பெரும்பாலானோருக்கு மாற்றம் வருவது சீனி, மாவு, மது ஆகியவற்றைக் குறைக்கும்போதுதான். ஒரு நாளில் மூன்று நான்கு முறை டின் பால் ஊற்றிய தே தாரிக் குடித்து, காலையில் ரொட்டி சானாயும் நண்பகலில் தட்டு நிறையச் சோறும் சாப்பிடுபவரின் கல்லீரல் ஓயாமல் கொழுப்பைக் கட்டிக்கொண்டிருக்கும். பாலும் சீனியும் இல்லாத தே ஓ கோசோங்குக்கு மாறுவது, சோற்றைக் குறைத்துக் காய்கறியையும் பருப்பையும் கூட்டுவது, மாலையில் அரை மணி நேரம் நடப்பது, எல்லாவற்றிலும் முதன்மையாக மதுவை நிறுத்துவது ஆகியன சில வாரங்களிலேயே அந்த எண்ணை இறக்கும். தோட்டங்களில் கள்ளும் சம்சுவும் குடும்பங்களுக்குச் செய்த கேடு பலரும் அறிந்ததே. இந்த வரி அந்தக் கேட்டின் மற்றொரு பக்கத்தைக் காட்டுகிறது. நீரிழிவு கட்டுக்குள் வந்தாலும் டிரைகிளிசரைடு தானே குறையும்.

டிரைகிளிசரைடு 10ஐ நெருங்கினால் நிலைமை வேறு. அப்போது இரத்தத்தின் நீர்ப்பகுதி பால்போல் வெளுத்துக் காணப்படும். கணையம் வீங்கி உயிருக்கே ஆபத்து நேரலாம். மேல்வயிற்றில் கடும் வலி எழுந்து முதுகுக்குப் பரவி வாந்தியும் வந்தால் தாமதமின்றி மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும். இந்த அளவில் மட்டும் எல்லா வகை எண்ணெயையும் மிகக் கடுமையாகக் குறைப்பது அவசியமாகிறது.

எல்.டி.எல். கூடியவர்கள் கவனிக்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பை. அது கல்லீரலின் ஏற்பிகளைக் குறைத்துவிடுகிறது. கொலஸ்ட்ரால் இல்லை என்று எண்ணெய்ப் புட்டியில் எழுதியிருப்பதைப் பெரிய உறுதிமொழியாக எடுத்துக்கொள்ள வேண்டியதில்லை. தாவர எண்ணெய் எதிலும் அது பொருட்படுத்தும் அளவில் இருப்பதில்லை. பார்க்க வேண்டியது நிறைவுற்ற கொழுப்பின் பங்கு: நம் ஊரைச் சுற்றி விளையும் செம்பனையின் எண்ணெயில் ஏறத்தாழப் பாதி, நெய்யில் அறுபது விழுக்காட்டுக்கு மேல், தேங்காய் எண்ணெயில் தொண்ணூறு விழுக்காட்டை ஒட்டி. அதற்காகச் செம்பனை எண்ணெயை நஞ்சாகக் கருத வேண்டா. பொரிப்பதை விட்டுத் தாளிப்பதற்கு அளவாகப் பயன்படுத்துவதும், நாசி லெமாக்கையும் தேங்காய்ப்பால் குழம்பையும் அன்றாட உணவாக்காமல் இருப்பதும் பயன் தரும். பருப்பு, பயறு, ஓட்ஸ், வெண்டைக்காய் ஆகியவற்றிலுள்ள கரையும் நார்ச்சத்து எல்.டி.எல்-ஐக் குறைக்க உதவும். முட்டைக்குக் கொடுக்கப்படும் பழி பெரும்பாலோருக்கு அதன் தகுதிக்கு மீறியது.

உணவை மாற்றியும் அசையாத எண்கள்

எல்.டி.எல். 4.9ஐத் தாண்டியிருந்தால் அது பரம்பரையாக வந்ததா என்று பார்க்க வேண்டும். குடும்பத்தில் 55 வயதுக்கு முன் ஆணுக்கோ 60 வயதுக்கு முன் பெண்ணுக்கோ மாரடைப்பு வந்திருப்பது, குதிகால் தசைநாண் தடித்திருப்பது, இளவயதிலேயே கருவிழியைச் சுற்றி வெள்ளை வளையம் தோன்றுவது ஆகியவை அதன் அடையாளங்கள். பெற்றோரில் ஒருவருக்கு இருந்தால் ஒவ்வொரு பிள்ளைக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்பு உண்டு. ஆகையால் பள்ளிக்குச் செல்லும் பிள்ளைகளையும் அழைத்துச் சென்று பார்க்க வேண்டும். எல்.பி.ஏ. என்னும் மற்றொரு துகளும் பிறப்பிலேயே முடிவாகிறது. உணவால் அது பெரிதாக மாறாததால் வாழ்நாளில் ஒரு முறை பார்த்தால் போதும்.

கொலஸ்ட்ரால் கூடியதற்குத் தைராய்டு சுரப்பி மந்தமாக இருப்பதும், சிறுநீரில் புரதம் போவதும் காரணமாக இருக்கலாம் என்பதால், மருந்து தொடங்குமுன் மருத்துவர் அவற்றையும் பரிசோதிக்கச் சொல்வது வழக்கம்.

கொலஸ்ட்ராலைக் குறைக்கும் ஸ்டாட்டின் என்னும் மாத்திரை தரப்பட்டால், அதன் வகையையும் அளவையும் பொறுத்து எல்.டி.எல். 30 முதல் 50 விழுக்காடு வரை குறையும். தொடங்கிய நான்கு முதல் பன்னிரண்டு வாரங்களுக்குள் மீண்டும் இரத்தம் கொடுத்துப் பார்க்க வேண்டும். எண் இறங்கிவிட்டது என்று மாத்திரையை நிறுத்தினால் சில வாரங்களில் பழைய இடத்துக்கே ஏறிவிடும். இறக்கி வைத்திருப்பது அந்த மாத்திரைதான். தசைவலி வந்தால் தாமாக நிறுத்தாமல் மருத்துவரிடம் சொல்லி வகையையோ அளவையோ மாற்றிக்கொள்ளலாம். சீன மருந்துக்கடைகளில் கிடைக்கும் சிவப்பு நொதியரிசியில் ஒரு ஸ்டாட்டினே இயற்கையாக இருப்பதால், மாத்திரையோடு சேர்த்து அதை உண்ணக் கூடாது. சிம்வாஸ்டாட்டின் உண்பவர்கள் கிரேப்ஃப்ரூட் பழத்தைத் தவிர்க்க வேண்டும், ஏனெனில் அது மருந்தின் அளவை இரத்தத்தில் உயர்த்திவிடும். நம் பேராக் மாநிலத்தில் தம்புன் வட்டாரத்துப் பொமலோவும் அதற்கு நெருங்கிய உறவுடைய பழமாகையால், கடையில் வாங்குவதற்கு முன் கிளினிக்கின் மருந்தாளரிடம் தம் மாத்திரையின் பெயரைச் சொல்லிக் கேட்டுக்கொள்ள வேண்டும்.